கழுத்தில் தொங்கிய இரண்டு பாஸ்போர்ட்

ஜூலை 9, 1986. வியன்னா

கூட வந்த தோழி பிர்க்கோவுக்குக் குதிகால் கொப்புளம் உடைந்துவிட்டது, லேசாகக் காய்ச்சலும். ஊரிலிருந்து கட்டிவந்த காய்ந்த ரொட்டியில் ஒன்பது துண்டு பாக்கி. பின்லாந்தை விட்டுக் கிளம்பிய முதல் நாளே கப்பலில் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்தவள் அவள். அதனால் இரண்டு பேரின் பாஸ்போர்ட்டும், ஒரு மாத ரயில் டிக்கெட்டும் என் கழுத்துப் பையில்தான். ஒப்பந்தமும் நான் போட்டதே: வழி தவறினால், கடைசியாகத் தூங்கிய ஊரின் ஸ்டேஷன் கடிகாரத்தடியில் பகல் பன்னிரண்டுக்கு நிற்பது.

ஜூலை 10. வெனிஸ் ரயில்

சண்டை. "ஐலா, வீட்டுக்குப் போயிடலாமா?" என்றாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "உன்னைக் கூட்டிட்டு வந்ததே தப்பு. உன்னை இழுத்துக்கிட்டு அலையறதுக்கா ஒரு வருஷம் ஓட்டல்ல பாத்திரம் கழுவினேன்?" அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் எழுந்து முன் பெட்டிக்கு வந்துவிட்டேன். அழட்டும்.

அன்றே, மாலை

இத்தாலிய எல்லையில் அதிகாரி பாஸ்போர்ட் கேட்டார். பையைத் திறந்தேன். ரெண்டு.

பின்னால் ஓடினேன். என் பெட்டிதான் கடைசி. அதற்குப் பின்னால் தண்டவாளம்தான் இருந்தது. எல்லைக்கு முன்னால் வரும் வில்லாஹ் ஸ்டேஷனில் பின் பெட்டிகளைக் கழற்றி யூகோஸ்லாவியாவுக்கு அனுப்பிவிட்டார்களாம். பெட்டிக் கதவில் அது போகும் ஊரின் பலகையைப் பார்க்காமல் ஏறாதே என்று ஊரில் எல்லோருக்கும் பாடம் எடுத்தவள் நான். காலியாக இருக்கிறதே என்று அவளை அங்கே உட்காரவைத்ததும் நான்.

வியன்னாவுக்குத் திரும்புகிறேன். ஒப்பந்தப்படி வந்துவிடுவாள்.

ஜூலை 11

பன்னிரண்டு. ஒன்று. இரண்டு. வரவில்லை.

ஜூலை 12

இன்றும் இல்லை. முதுகுப்பைக்காரர்கள் ஒருவருக்கொருவர் சீட்டு குத்திவைக்கும் பலகை ஸ்டேஷனில் இருக்கிறது. நானும் குத்தினேன்: "பிர்க்கோ, இங்கேயே இருக்கேன். நகர மாட்டேன்." அவள் அம்மாவுக்கு போன் செய்யலாமென்று மூன்று தடவை வரிசையில் நின்றேன். என்னன்னு சொல்றது? காய்ச்சலோட விட்டுட்டு வந்துட்டேன்னா? மூன்று தடவையும் விலகிவிட்டேன்.

ஜூலை 13

கடிகாரத்தடியில் டிக்கெட் பரிசோதகர் ஒருவர், சும்மா நிற்கிறாயே, டிக்கெட் இருக்கிறதா என்றார். பையை எடுத்துக் காட்டினேன். அப்போதுதான் உறைத்தது.

அவ டிக்கெட்டும் இதுக்குள்ளதானே இருக்கு! அவ எதுல வருவா? கையில பணமும் கிடையாது. மூணு நாளா நான் யாருக்காக நிக்கிறேன்? முட்டாள். முட்டாள். நிக்கறதுதான் நேர்மைன்னு நின்னேனே.

முதல் ரயிலில் யூகோஸ்லாவிய எல்லைக்குக் கிளம்பிவிட்டேன்.

ஜூலை 14

கிடைத்துவிட்டாள்.

யூகோஸ்லாவியாவுக்குள் போகும் மலைச் சுரங்கத்துக்கு முந்தைய கடைசி ஆஸ்திரிய ஸ்டேஷன். பாஸ்போர்ட் இல்லையென்று அங்கேயே இறக்கிவிட்டிருக்கிறார்கள். காய்ச்சல் ஏறிவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் தன் வீட்டில் படுக்கவைத்து டாக்டரை அழைத்திருக்கிறார். தூதரகம் திங்கட்கிழமை பார்க்கலாம் என்றதாம்.

என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். கட்டிக்கொள்ளப் போனேன். கையை நீட்டித் தடுத்தாள்.

"நீ வேணும்னேதான் பாஸ்போர்ட்டை எடுத்துட்டுப் போயிட்டேன்னு நினைச்சேன்."

இல்லை என்றேன். மூன்று நாள் கடிகாரத்தடியில் நின்றேன் என்றேன். சொல்லும்போதே எனக்கே கேவலமாக இருந்தது.

"நீ ஒப்பந்தத்தை மீற மாட்டே, தெரியும்" என்றாள். "ஆனா அது என்னையும் சேர்த்துப் போட்ட ஒப்பந்தம்னு நினைச்சேன்."

பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் அவள் கையில் கொடுத்தேன்.

ஜூலை 18. பின்லாந்தின் துர்க்கு துறைமுகத்துக்குப் போகும் கப்பல்

நாளை காலை கரை. நான்கு நாளாகத் தேவைக்கு மட்டுமே பேச்சு. டிக்கெட் கேட்டபோதெல்லாம் அவளே எடுத்துக் காட்டினாள். ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி தைத்துக் கொடுத்த துணிப்பை அவள் கழுத்தில். தூக்கத்திலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் படுக்கிறாள்.

இன்று மத்தியானம், கடைசி ரொட்டித் துண்டை இரண்டாக உடைத்தாள். என் பக்கம் பார்க்காமல் ஒரு பாதியை என் மடியில் வைத்தாள். பெரிய பாதி.