பன்றிக்காக ஒரு வார்த்தை

இஞ்சேரும்,

இன்று, எங்கடை தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலில், நாங்கள் சாப்பிடுகிற கடையைத் தாண்டிப் போக முடியவில்லை. உள்ளே பன்றி இறைச்சி பிரட்டுகிற வாசம். மிளகும் பெருஞ்சீரகமும் மூக்கில் ஏற, முருங்கைக்காய் வாங்க வந்ததையும் மறந்து, ரயிலேறிக் கார்ஜிலிருக்கும் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

இதை நானே எழுதுகிறேன், நம்பும். மருமகள்தான் எழுத்துப் பழக்கினாள். இவ்வளவுக்குமே மத்தியானம் ஆகிவிட்டது. ஒரு வரி முடிந்ததும் அதை நானே வாசித்துவிட்டுத் தனியே இருந்து சிரிக்கிறேன். "கைநாட்டுத் துரை" என்று பகிடி பண்ணுவீரே, இப்போது பண்ணும் பார்ப்போம். ஆனால் உமக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே வெட்கப்படவேண்டிய கதைதான் வருகிறது.

போன ஞாயிறு அதே கடையில் மகனோடு இருந்தேன். கைபேசியைச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அப்பா, இதைப் பாருங்கோ. அமெரிக்காவிலை ஒரு பண்ணை. ஹெலியிலை ஏத்திக்கொண்டு போவினம், மேலையிருந்து பண்டி சுடலாம். வேலையிடத்துப் பெடியள் வக்கான்ஸ் லீவுக்குப் போறாங்கள். நானும் வாறன் எண்டு சொல்லிப்போட்டன். பழைய வேட்டைக்காரன் என்ன சொல்லுறியள்?"

வெட்டவெளியில் பன்றிக்கூட்டம் ஓடியது. ஹெலி தாழப் பறந்து துரத்தியது. முதல் வெடி தவறியது.

"உடம்பிலை குறி வைக்கக்கூடாது. மூக்குக்கு முன்னுக்குப் பிடிக்கவேணும்" என்றேன்.

அடுத்த வெடிக்கு ஒன்று விழுந்தது. "பாத்தியே!" என்று மேசையில் தட்டினேன். மகன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அப்போது ஒரு தாய்ப்பன்றி ஓடுவதை நிறுத்தி, சின்னப் பற்றைக்குள் குட்டிகளின் மேல் படுத்தது.

வன்னியில் வயலுக்கு மேலே ஹெலி வந்து சுட்ட அன்று நீரும் அப்படித்தான் வரம்போரம் படுத்தீர். உமக்குக் கீழே இவன், பால்குடிப் பிள்ளை. ஹெலி போன பிறகு இவன் முகத்துச் சேற்றைத் துடைத்தபடி சொன்னீர்: "இஞ்சேருங்கோ, இவனுக்கு இதை ஒருநாளும் சொல்லாதேங்கோ. வானத்தைப் பாத்துப் பயமில்லாமல் வளரட்டும்." நீர் உயிரோடு இருந்தவரை நான் வாய் திறக்கவில்லை.

"போகாதை" என்றேன் மகனிடம்.

"ஏனப்பா? அதுகள் தோட்டத்தை அழிக்குதுகள். நீங்களும் சுட்டனீங்கள்தானே?"

சுட்டேன். பயிரைக் கிளறிப்போட்டால் சும்மா விடமுடியுமா? ஆனால் நான் நிலத்தில் நின்றேன். காற்றில் என் மணம் பிடித்தால் பன்றி தப்பிவிடும். அப்படித் தப்பியவைதான் அதிகம். மேலேயிருந்து வருகிறவனின் மணம் அதற்கு எட்டாது. அது பிறந்ததிலிருந்து பழகிய ஓட்டம், மோப்பம், பதுங்கும் பற்றை எதுவும் அங்கே உதவாது. இதெல்லாம் இப்போது, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டும்போதுதான் வருகிறது. அன்று மேசையில் ஒன்றும் வரவில்லை.

"உங்களுக்கு வயசு போட்டுது, நெஞ்சு இளகிப்போச்சு" என்று பகிடி பண்ணினான். அதற்குப் பிறகுதான் உமது கதையைச் சொன்னேன்.

அவன் சோற்றைத் தொடவில்லை. "நான் அழுதனானோ?" என்று கேட்டான்.

"இல்லை. கொம்மா உன்ரை வாயைப் பொத்திப் பிடிச்சிருந்தவ."

வெளியே போய், கூட்டாளியோடு பிரெஞ்சில் ஏதோ பேசிவிட்டு வந்தான். "நான் போகேல்லை" என்றான்.

நீர் இத்தனை காலம் மறைத்துவைத்ததை நான் அவனிடம் கொடுத்துவிட்டேன். அதைவிடப் பெரிய வெட்கமும் இருக்கிறது. அவன் உமக்காகத்தான் போகாமல் நின்றான். பன்றிக்காக யாரும் நிற்கவில்லை. அதன் வழியும் பயமும் தெரிந்தவன் அந்த மேசையில் நான் ஒருவன்தான். நான் சொல்லிக்கொடுத்ததோ, எங்கே குறி வைப்பது என்று.

படம் முடியும் முன்னே கைபேசியைக் கவிழ்த்துவிட்டேன். அன்று வயலில் நீர் எழும்பினீர். அந்தத் தாய் எழும்பியதா என்று பார்க்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.