தளர்த்தித் தைத்த பிளவுஸ்

அவசரக்காரா,

என் போனை அண்ணன் தினமும் வாங்கிப் பார்க்கிறான். அதனால்தான் என்னோடு வேலை செய்யும் ஷில்பாவிடம் இந்தக் காகிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் நந்தி மலை, மலைக்கோயிலில் தாலி, மத்தியானமே இறங்கிவிடலாம் என்கிறாய். உனக்கு எல்லாம் சுலபம். மர்பி டவுனில் எங்கள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் நாலு பேர், "இன்னாம்மா, காலங்காத்தால எங்க?" என்று கேட்பார்கள்.

பட்டுப்புடவையைப் போன வாரமே ஆபீஸ் பையில் கடத்தி ஷில்பா வீட்டில் வைத்துவிட்டேன். பிளவுஸ் இறுக்கிப் பிடித்ததால் அதைப் பீரோவிலேயே விட்டுவிட்டேன். இன்று மத்தியானம் ஆபீஸில் டிபன் பாக்ஸை எடுத்தால், அதற்கு அடியில் அந்த பிளவுஸ். இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து, எனக்குச் சரியாக இருக்கும்படி அம்மா தளர்த்தித் தைத்திருக்கிறாள்.

காலையில் பையைக் கையில் கொடுத்தபோது, "பாத்துப் போடி" என்று மட்டும்தான் சொன்னாள். அப்பா பக்கத்திலேயே நின்றிருந்தார்.

இதுவரை அப்பாவை நினைத்துத்தான் பயந்தேன். இப்போது வேறு பயம். வியாழக்கிழமை அவர் வீட்டில் கத்தும்போது, அம்மா "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லியாக வேண்டும். அவளுக்குப் பொய் சொல்லவே வராது.

ஆனாலும் வருகிற,
உன் பயந்தாங்கொள்ளி