மழை விட்டால்

அம்பிட்டிய, கண்டி
1934 மாசி

அன்புள்ள அக்கினேசம்மாவுக்கு,

தேவமாதா துணையில் நான் சுகம். உமது முழங்கால் நோவு எப்படி? பிள்ளைகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா?

நேற்று ஆசிரியர் பயிற்சி வகுப்பில் ஒரு வேடிக்கை. ‘மழை விட்டால் நான் வீட்டுக்குப் போவேன்’ என்று இங்கிலீசில் கரும்பலகையில் எழுதினேன். இதில் தனியே நிற்கும் வாக்கியம் எது, மற்றதில் சாய்ந்து நிற்கும் உறுப்பு எது என்று கேட்டேன். மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து படிக்க வரும் லியோன் எழும்பினார்.

“சேர், மழை விடாட்டியும் நீங்க வீட்டுக்குப் போகலாங்க! பின்துண்டு தனியாவே நிக்குதே.”

வகுப்பே சிரித்தது. விடை சரிதான். அப்போது சன்னலால் மூடுபனி உள்ளே வந்து எழுத்துகளின் மேல் படர்ந்தது. முன்பாதி மங்கி, பின்பாதி மட்டும் வெள்ளையாக மிதப்பதுபோல் இருந்தது.

இரண்டு வருடமாக உமக்கு நான் எழுதுவதும் அதே அமைப்புத்தான்: ‘உம்முடைய அண்ணன் மன்னிப்புக் கேட்டால் வருவேன்.’ ஊரில் அந்தக் கலியாண வீட்டுப் பந்தியில் எல்லார் முன்னாலும் என்னை “படிச்ச பிச்சைக்காரன்” என்றாரே, அதை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன்.

இங்கே குளிர் கூட. உமது பழைய சேலைத் துணியில் ஒரு தலையணை உறை தைத்து வையும், அங்கே வந்து திரும்பும்போது இங்கே கொண்டுவருவேன்.

தபால் பையை மூடப் போகிறார்கள். யேசு உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு வருவேன். அண்ணனோடு பேசுவேன் என்று எழுதவில்லை, கவனியும்.

உமது
சவிரிமுத்து