என் பையின் முப்பது முடிச்சுகள்

என் வீட்டுக்காரிக்கு,

சலவைக்கூடத்தில் வேலை முடிந்து கிளம்பும்போது நம் நாட்டுக்காரர்களின் பையை மட்டும் வாசலில் கொட்டிச் சோதித்து வந்தார்கள். மற்றவர்கள் கைவீசிப் போனார்கள். இது அநியாயம். அதைச் சொல்லிவிட்டேன், இனி கேட்கிறேன்: உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் சுகம். சிரித்துச் சிரித்து வயிறுதான் வலிக்கிறது.

பயப்படாதே, சண்டை போடவில்லை. சீப்பு, மாத்திரை, துண்டு என்று பத்துப் பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றுக்கும் மூன்று முடிச்சுப் போட்டுக் கொண்டுபோனேன். எல்லாருக்கும் ஒரே பஸ். கடைசி ஆள் ஏறிய பிறகுதான் கிளம்பும். மேலாளருக்கும் அதே பஸ்தான்.

"என்ன பெரியவரே, கல்யாணச் சீரா?" என்றான் காவலாளி.

"மெதுவா அவிழுப்பா. கத்தரிக்கோல் மட்டும் வைக்காதே, கயிறு என்னோடது."

அரை மணி நேரம் ஆயிற்று. தினமும் இதே கதை. நான்காம் நாள் மேலாளர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். "அந்த ஆளை மட்டும் விட்டுத் தொலைங்கய்யா."

"எல்லாரையும் பாருங்க, இல்ல யாரையும் பாக்காதீங்க" என்று நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பஸ்ஸில் இருந்த மற்ற நாட்டுக்காரர்களும் இறங்கி வந்து தங்கள் பைகளை என் பைக்குப் பின்னால் அடுக்கினார்கள். நாற்பது பை. காவலாளி பார்த்தான். "எனக்கும் வீடு இருக்குய்யா, எல்லாரும் ஏறுங்க" என்றான். பஸ் முழுக்க ஒரே சிரிப்பு.

மூன்று நாளாகச் சோதனை இல்லை. ஆனால் சும்மா நிறுத்தியது மட்டும் எனக்குப் போதாது. நம் ஆட்களை மட்டும் இனி சோதிப்பதில்லை என்று மேலாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாசலில் ஒட்ட வேண்டும். அதற்கு நான் எழுதியிருக்கும் மனுவை மாப்பிள்ளை திருத்தி அனுப்ப வேண்டும். பெரியவன் "கண்டுக்காதீங்கப்பா" என்று போன் செய்யக் கூடாது. நீ நாலு பக்கம் எழுத வேண்டும். விசேஷம் ஒன்றும் இல்லையென்றால், அதையே நாலு பக்கம் எழுது.