ஏரிக்கு வந்த கடற்காகம்

28-11-1941, வெள்ளி

"உங்க ஊர்ல கடல் உண்டா, கடற்காகம் உண்டா?" நாகப்பட்டினத்திலிருந்து பென்னாகரத்துக்கு உத்தியோகமாக வந்து என்னைக் கட்டிக்கொண்டவர் ஓயாமல் குத்திக்காட்டும் கேள்வி இது.

புயல் மழை ஓய்ந்த இன்று காலை, பள்ளிக்கூடம் போகும் வழியில் ஏரியில் பார்த்தேன். வெள்ளை உடம்பு, சிவந்த கால், கண்ணுக்குப் பின்னால் மைப்பொட்டு. மாமியார் ஊரில் பார்த்த அதே கடற்காகம்! பறந்துவிடுமோ என்ற பதைப்பில் பகலெல்லாம் வாய்ப்பாட்டைத் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொடுத்தேன்.

மணி அடித்ததும் ஓடிப்போய், அவரைத் தாலுகா ஆபீஸிலிருந்து இழுத்து வந்தேன். ஏரியிலேயே இருந்தது. அவர் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாவம், வழி தப்பி வந்துடுச்சு" என்றார்.

"நீங்களும் அப்பிடித்தானுங்க வந்தீங்க. திரும்பிப் போனீங்களா?"

சிரித்துவிட்டார். இருட்டிய பிறகும் கரையை விட்டு எழவில்லை. நாளைக்கும் ஏரிக்குப் போகவேண்டுமாம், அவருக்கு!