பீர்க்கங்காய் நார் வராது

கரையான்சாவடி,
ஞாயிறு காலை.

அன்புள்ள எழிலரசிக்கு,

நானும் உன் அப்பாவும் நலம். என் வலது முழங்கால் மட்டும் எதிர்க்கட்சியில் சேர்ந்திருக்கிறது. நீங்கள் மூவரும் நலமாக இருப்பதாகக் கைப்பேசித் திரை சொல்கிறது, திரையை முழுதாக நம்பும் பழக்கம் எனக்கில்லை, ஆகவே எழுதிக் கேட்கிறேன். மாடிவீட்டு லோகேஷ் வியாழனன்று கனடாவுக்கு, உங்கள் எட்மன்டனுக்குத்தான், புறப்படுகிறான். என் பேத்தி நிஷாவுக்காக நீ கேட்ட பீர்க்கங்காய் நாரை அவனிடம் கொடுத்தனுப்பப் போவதில்லை. காரணத்தைப் போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய்.

புல்லரித்தது போல் எழுந்து அடங்காமலே நிற்கும் நிஷாவின் மேற்கைப் பொரிகளை நீ அனுப்பிய படத்தில் பார்த்தேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த நாகம்மா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, நம்ம எயிலுக்கு இருந்தா மாதிரியே கீது" என்றாள். படத்தோடு குமணன்சாவடியில் தோல் மருத்துவரிடம் போனேன். முப்பது வயதுப் பெண், படத்தைப் பார்த்தாள், பிறகு என் ரவிக்கைக் கைக்குக் கீழே பார்த்தாள், "உங்களுக்கும் இருக்கே ஆன்ட்டி, கவனிச்சதே இல்லையா?" என்று சிரித்தாள். இது நோயல்ல, மயிர்க்கால்களின் வாயை உலர்ந்த தோல் அடைத்துக்கொள்கிறது, பரம்பரையாக வருகிறது, ஒட்டாது, குளிரில் கூடும், அழுத்தித் தேய்த்தால் இன்னும் சிவந்து தடிக்கும் என்றாள்.

உன் பதினோரு வயது முதல் கல்லூரி வரை, உடற்சூடு என்று நானே தீர்மானித்து, ஞாயிறுதோறும் பயத்தமாவும் நாருமாகத் தேய்த்தவள் நான். உன் அத்தை பேச்சைக் கேட்டுத் திருவேற்காட்டில் அம்மனுக்கு உப்பும் மிளகும் கொட்டியவளும் இந்த வேதியியல் முதுகலைப் பட்டதாரிதான். பலனில்லை என்று ஆறே மாதத்தில் தெரிந்துவிட்டது. ஆய்வகத்தில் அப்படியொரு சோதனையை ஏழு வருடம் நடத்த எந்த மாணவியையும் விட்டிருக்க மாட்டேன். பிறகு ஏன் நிறுத்தவில்லை? வளர்ந்த பின் நீ என் எதிரில் கையை நீட்டி உட்கார்ந்தது அந்த அரைமணி நேரம் மட்டும்தான். வலிக்கிறது என்று நீ சொன்னது என் காதில் விழத்தான் விழுந்தது. உன் கல்யாணப் படங்களில் ரவிக்கை முழங்கை வரை இருப்பதற்கும் நானே பொறுப்பு. தவறு என்னுடையது, அதை நிஷாவின் கையில் நீ தொடர வேண்டாம்.

வெந்நீரில் அவளை நெடுநேரம் நிற்க விடாதே, வெதுவெதுப்பு போதும். ஈரம் முழுதாக உலருமுன் யூரியா கலந்த களிம்பைத் தடவ வேண்டும், ஒன்பது வயதுக்கு எவ்வளவு என்று அங்குள்ள மருத்துவரைக் கேட்டுக்கொள். கிள்ள விடாதே. மாதக்கணக்கில் ஆகும், முழுவதும் போகாது, வயது ஏற ஏறப் பெரும்பாலும் தணியும். அரைக்கைச் சட்டை வாங்கிக் கொடு. களிம்பை அவளே பூசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாமல் நீயே தடவு. மருந்துக்கு அது தேவையில்லை.

மூவரும் நோய்நொடியின்றி நீடு வாழ்க. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல், கழுத்தில் கம்பளித் துணி இல்லாமல் வெளியே போகாதே. உன் கை இப்போது எப்படி இருக்கிறது? படம் அனுப்பாதே. நான்கு வருடமாயிற்று, நேரில் வந்து காட்டு.

உன் அம்மா,
வசந்தா