அம்மாவின் கண் உயரத்துக்கு ஒரு தொலைநோக்கி

முசரவாக்கம்
7-9-2003

அன்பு மகன் கமலுக்கு அப்பா பரசுராமன் எழுதுவது. நானும் அம்மாவும் ஏஞ்சலும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் சிங்கப்பூரில் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறோம். மனசு எப்படி என்றால் எனக்கு நன்றாக இல்லை, அதைக் கீழே எழுதுகிறேன். உன் தங்கச்சி ஆசிரியர் பயிற்சி இரண்டாம் வருடத்துக்குப் போய்விட்டாள், இப்போதே வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் பாடம் நடத்துகிறாள். அம்மா வழக்கம்போல் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கப் போகிறாள், ஈர விறகுப் புகையில் இருமல் விடவில்லை, சொன்னால் கேட்பதில்லை. நீ வெல்டிங் செய்யும்போது கண்ணாடி போடாமல் நிற்காதே, அவசரப்படுத்துகிற சூப்பர்வைசர் உனக்குக் கண் வாங்கித் தரமாட்டான்.

பொங்கலுக்கு வரும்போது முரளீதரன் சார் வைத்திருப்பது போலப் பெரிய தொலைநோக்கி வாங்கி வா என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன் இல்லையா, அது வேண்டாம். சின்னதாக, ஒரே ஆள் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒன்று போதும். ஏன் என்று எழுதுகிறேன், படித்துவிட்டு அப்பாவைத் திட்டத் தோன்றினால் திட்டு.

சார் ஓய்வு பெற்ற பிறகும் அவர் தொலைநோக்கியைத் தூக்கி வைக்க, பூட்ட, கழற்ற என்னைத்தான் கூப்பிடுகிறார். கல்லூரி லேபில் அவரிடம் வேலை பார்த்த பழக்கம். போன மாதக் கடைசியில் செவ்வாய் பூமிக்கு ரொம்பக் கிட்டே வந்தது, உங்கள் ஊர் பேப்பரிலும் போட்டிருப்பான். சின்ன காஞ்சிபுரத்தில் அவர் வீட்டுக்குப் பக்கத்து மனையில் எல்லோரும் வந்து பார்க்கலாம் என்று சொன்னார். நான் அம்மாவையும் எதிர்வீட்டு அங்கம்மாளையும் நம் தெருவில் இன்னும் கொஞ்சம் பேரையும் ஷேர் ஆட்டோவில் கூட்டிப்போனேன். அம்மா அந்தப் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள், நீ அனுப்பியது. பொழுது சாய்ந்ததும் வரிசை பிடிக்க ஆரம்பித்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? நம் ஆட்களைக் கொண்டுபோய்க் கடைசியில் நிறுத்தினேன். யாரும் சொல்லவில்லை கமல். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. திருவிழாவில் சாமி வரும்போது என் அப்பா எங்களைத் தெருக்கோடியில் நிறுத்துவார், அதே மாதிரி என் கை தானாக அம்மாவை ஒதுக்கி நிறுத்தியது. மேடையில் பேசும்போது, சங்கக் கூட்டத்தில், எவ்வளவு கத்துகிறேன் நான்!

சார் என்னைக் கூப்பிட்டு, "பரசுராமா, நீதானே தூக்கிண்டு வந்தே, மொதல்ல நீ பாரு" என்றார். எனக்குப் பெருமை. ஆசை தீரப் பார்த்தேன். பிறகு பட்டுக்கடைக்காரர் ஒருவர் காரில் குடும்பத்தோடு வந்து நேராக முன்னால் போனார், அவருக்கு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டதும் நான்தான். அந்தக் குழலில் கண் வைக்கிற இடம் மேல் பக்கம் இருக்கும், குள்ளமானவர்கள் ஏறித்தான் பார்க்க வேண்டும். அம்மா முறை வருவதற்குள் மேகம் மூடிவிட்டது. சார் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, "உன் ஆத்துக்காரி பாத்தாளோ?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னால் இன்னும் காத்திருப்பார், வயசானவர், நம்மால் அவருக்கு எதற்குத் தொந்தரவு என்று, "எல்லாரும் பாத்துட்டாங்க சார்" என்றேன். அம்மா பத்தடி தள்ளித்தான் நின்றாள். அவள் காதில் விழுந்தது. நான் குழலைக் கழற்றி உறை போட்டு உள்ளே வைத்துவிட்டு வந்தேன், எல்லோரும் ஆட்டோவில் ஏறினோம், ஆட்டோ திரும்பியதும் மேகம் விலகி, செக்கச்செவேலென்று அது நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு அங்கம்மாள், "எல்லம்மா, ராக்கெட்டுல இடம் குடுத்தாகூட உம் புருசன் நம்மள பின்னாடி தொங்கிக்கினு வரச் சொல்வான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தாள், என் பக்கம் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்தும் எனக்குப் புத்தி வரவில்லை. ஆரஞ்சு வட்டம், ஓரத்தில் பனி வெள்ளையாகப் புள்ளி மாதிரி என்று சாப்பிட்டுக்கொண்டே விவரித்துக்கொண்டிருந்தேன். அவள் குழம்பை ஊற்றிவிட்டு, "சாமியப் பாக்கத்தான் நம்மள கடைசியில நிறுத்தினாங்க. வானத்துல இருக்கறதப் பாக்கவும் கடைசியா? அவங்க நிறுத்தினாகூடச் சண்ட போடலாம்யா. நீ நிறுத்தினியே, உங்கிட்ட இன்னா சண்ட போடறது" என்றாள். சாரிடம் போய் உண்மையைச் சொல்லி இன்னொரு நாள் காட்டச் சொல்கிறேன் என்றதற்கு, "கேட்டுப் பாக்கற வானம் எனக்கு வேணாம்" என்று முடித்துவிட்டாள்.

அதனால்தான் சின்னது. பெரியது வந்தால் அது ஒரு இடத்தில் நிற்கும், ஜனம் வரிசையில் நிற்கும், வரிசையை ஒழுங்குபடுத்த என்னைப்போல் ஒருவன் முளைப்பான். கடையில் பெட்டியின் மேல் ஐந்நூறு மடங்கு பெரிதாகக் காட்டும் என்று அச்சடித்திருப்பதை நம்பாதே, வெறும் மங்கல்தான் பெரிதாகும். முன்லென்ஸ் எழுபது மில்லிமீட்டர் இருந்தால் போதும், குழல் குட்டையாக இருக்கட்டும். லென்ஸுக்குப் பதில் உள்ளே முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி வைத்த வகை வேண்டாம், நம் ரோட்டுக் குலுக்கலில் அது நகர்ந்துவிடும். கண் வைக்கிற லென்ஸைக் கழற்றி மாற்ற முடிகிறதா என்று பார், ஐம்பது மடங்கு கிடைத்தாலே சனியின் வளையம் தெரியும். ஸ்டாண்டை விரித்து ஒரு தட்டு தட்டு, ஆடிக்கொண்டே இருந்தால் வாங்காதே, எத்தனை பளபளப்பாக இருந்தாலும் சரி. சூரியனைப் பார்க்க என்று கறுப்புக் கண்ணாடி ஒன்று கூடவே கொடுத்தால் கடையிலேயே போட்டுவிட்டு வா, சூட்டில் விரிசல் விட்டால் கண் போய்விடும். பொங்கல் சமயத்தில் சனிதான் நன்றாகத் தெரியுமாம். அம்மாவிடம் சொன்னேன். "உனக்கு வாக்கப்பட்ட அன்னிக்கே சனியப் பாத்துட்டேன்" என்றாள். ஒரு வாரம் கழித்து என்னிடம் வாய் திறந்து பேசியது அதுதான்.

நேற்று, என்ன ஏது என்று சொல்லாமல் அவளைக் கதவோரம் நிற்கச் சொல்லி, தரையிலிருந்து கண் வரைக்கும் ஒரு நூலைப் பிடித்து அளந்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு நேராக நின்றாள். அந்த நூலை இதோடு வைத்திருக்கிறேன், தறியில் பாவு ஓட்டியதில் மிஞ்சிய பட்டு நூல், அறாது. கடையில் ஸ்டாண்டை நிறுத்தி அளந்து பார், கண் வைக்கிற இடம் இந்த நூலுக்கு மேலே போகவே கூடாது.

வேளைக்குச் சாப்பிடு, ஓவர்டைம் என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. எங்கே நின்றாலும் முன்னால் நில், அப்பாவின் ஆசீர்வாதம் அவ்வளவுதான். அம்மா முத்தம் எழுதச் சொன்னாள். நூலைத் தொலைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. பரசுராமன்